ஆட்டத்தில் தோற்றவர்கள் எழுதிய விதி



ஆடுகளத்தில் எல்லோரும் சமம் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்தக் களத்துக்குள் யார் நுழையலாம் என்று முடிவு செய்பவர் யார்? இந்தக் கேள்வியோடு பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரக் கால்பந்து வரலாற்றைப் பார்ப்போம்.

பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888இல்தான். அதன்பின் ரியோவில் வேரூன்றிய கால்பந்து, வசதியான வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டமாக இருந்தது. ஃப்ளூமினென்ஸ், ஃப்ளமெங்கோ, பொட்டாஃபோகோ ஆகியவை அவர்களது கழகங்கள். வாஸ்கோ ட காமா கழகம் வேறு வகை. போர்த்துகீசியக் குடியேறிகள் 1898இல் படகுப் போட்டிக்காகத் தொடங்கியது அது. கால்பந்துக்கு வந்தபோது கறுப்பரையும் கலப்பினத்தவரையும் ஏழை வெள்ளைத் தொழிலாளரையும் அணியில் சேர்த்தது. முதல் பிரிவில் ஆடிய முதல் ஆண்டிலேயே, 1923இல், பட்டம் வென்றது.

தோற்ற பெரிய கழகங்கள் 1924இல் பழைய சங்கத்தைவிட்டு வெளியேறித் தனிச் சங்கம் கண்டன. வாஸ்கோ அதில் சேர வேண்டுமானால் 12 ஆட்டக்காரர்களை நீக்க வேண்டும் என்றன. நிறத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், மதிப்பான வேலை இருக்க வேண்டும், கழகத்துக்குத் தக்க திடல் இருக்க வேண்டும் என்றன. ‘தகுதி’ என்னும் இந்த மொழி நமக்குப் புதிதல்ல.

1924 ஏப்ரல் 7 அன்று வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகஸ்டோ பிரெஸ்டெஸ் பதில் கடிதம் எழுதினார். பட்டம் வென்று தந்தவர்களைப் பலிகொடுத்துச் சேர மாட்டோம் என்பதே அதன் சாரம். மறு ஆண்டே புதிய சங்கம் வாஸ்கோவைச் சேர்த்துக்கொண்டது. திடல் இல்லை என்ற குறைக்கு, ஆதரவாளர்கள் நிதி திரட்டி 1927இல் சாவோ ஜானுவாரியோ அரங்கைத் திறந்தார்கள்.

வாஸ்கோவைப் புனிதமாக்க வேண்டியதில்லை. அதை நடத்தியோரில் பலர் வணிகர்கள். அவர்களுக்கு வெற்றி தேவைப்பட்டது. ஆனாலும் நெருக்கடி வந்தபோது ஆட்டக்காரர்களைக் கைவிடவில்லை.

காலம் மாறியது. 1933இல் ஊதியம் பெற்று ஆடுவது முறையானது. அன்று விலக்கச் சொன்ன ஃப்ளமெங்கோவே 1936இல் லியோனிடாஸ், டொமிங்கோஸ் என்னும் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் ‘மக்கள் கழகம்’ என்ற பெயரும் அதற்கே கிடைத்தது. கதவை அடைத்தவர்களே பிறகு கதவைத் திறந்தவர்களாகப் பெயர் வாங்குவதும் வரலாற்றில் நடக்கிறது.

இங்கே பல்வங்கர் பாலுவை நினைப்போம். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய தலித் பந்துவீச்சாளர் அவர். புனேயில் அவர் வீசிய பந்து தீட்டாகவில்லை. தேநீர் மட்டும் வெளியே, தனி மண் குவளையில் வந்தது. இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் தம்பி விட்டல் அதைப் பெற்றது, வாஸ்கோ வென்ற அதே 1923இல்.

திறமையை நிரூபித்தால் போதும் என்று நம்மிடம் சொல்கிறார்கள். வாஸ்கோ ஆட்டக்காரர்கள் நிரூபித்தார்கள். அதன் பிறகே விதி மாறியது. ஆகவே மாணவர்களே, உங்கள் ஊர்ப் போட்டியின் விதிகளை வாங்கிப் படியுங்கள். அவற்றை எழுதிய குழுவில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேளுங்கள். அந்தக் குழுவில் நமக்கு இடம் கேட்பதும் விளையாட்டின் பகுதிதான்.