செண்பகனூர் மியூசியமும் தாண்டிக்குடி கல்வீடுகளும்

கொடைக்கானல் போறவங்க லிஸ்ட்ல ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, ஹோம்மேட் சாக்லேட் எல்லாம் தவறாம இருக்கும். செண்பகனூர் மியூசியம் மட்டும் "டைம் இருந்தா பாக்கலாம்" வரிசையில கடைசியா நிக்கும். ஆணி புடுங்குற வேலைக்கு ரெண்டு நாள் லீவு போட்டுட்டு மலையேறினப்போ, நான் முதல்ல போனது அங்கதான் :)

1895-ல் இயேசு சபைப் பாதிரியார்கள் செண்பகனூர்ல தங்கள் குருமாணவர்களுக்காக சேக்ரட் ஹார்ட் கல்லூரியை ஆரம்பிச்சாங்க. அதோட வளர்ந்ததுதான் இந்த மியூசியம். பாடம் செய்த விலங்குகள், பறவைகள், பாம்புகள், ஊசி குத்தி வெச்ச பூச்சிகள்.. குழந்தைகள் அங்கயே நின்னுடுவாங்க. ஆனா நீங்க பழம்பொருட்களை விட்டுடாதீங்க. பழனிமலையில இருக்குற கல்திட்டைகள்ல கிடைச்ச மண்பாண்டங்கள் அதுல உண்டு.

அதுல என்ன விசேஷம்? கொடைக்கானல் வரலாறுன்னு நாம படிக்கிறது பெரும்பாலும் 1821-ல் லெப்டினன்ட் வார்டு மலையை சர்வே பண்ணதுல ஆரம்பிக்கும். அடுத்து 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டினாங்கன்னு போகும். அதுக்கு முன்னாடி வெறும் காடுதான்ங்கிற மாதிரி! அந்தப் பானைகளோ இரும்புக் காலத்து மனுஷங்களோடது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் குளிர்ல மனுஷன் வாழ்ந்திருக்கான், செத்தவங்களுக்குக் கல்லுல வீடும் கட்டியிருக்கான்.

இதை முறையா எழுதி வெச்சதும் செண்பகனூர் ஆளுங்கதான். பாதிரியார்கள் அங்கிலேடும் நியூட்டனும் மலை முழுக்க அலைஞ்சு கல்திட்டைகளை அளந்து எழுதின புத்தகத்தை, 1928-ல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. வெளியூர்க்காரர் கட்டின மியூசியமே, இந்த மலையை வெளியூர்க்காரர் கண்டுபிடிச்சாங்கங்கிற கதையை உடைக்குது பாருங்க.

மியூசியத்தோட மீதிப் பாதி கண்ணாடிக்கு வெளியே இருக்கு. செண்பகனூர்லருந்து பெருமாள்மலை, பண்ணைக்காடு வழியா இறங்கினா தாண்டிக்குடி. நாலாயிரம் அடிக்கு மேல, காபியும் மிளகும் ஏலமும் விளையுற ஊர். முருகன் இங்கேருந்து பழனிக்குத் தாண்டிக் குதிச்சதால "தாண்டிக்குதி", அதுவே தாண்டிக்குடி ஆச்சுன்னு ஊர்க்கதை. இங்கயும் கல்திட்டைகள் உண்டு. 2000-களில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் இங்க அகழாய்வு செஞ்சாங்க.

கல்திட்டைங்கிறது நாலு பக்கமும் பலகைக்கல்லை நிறுத்தி, மேல ஒரு பெரிய கல்லை மூடியா வெச்ச அறை. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் எங்கிட்ட, "இது குள்ளருங்க வீடு தம்பி, மழைக்கு ஒதுங்குனாங்க"ன்னார். அறை சின்னதா இருக்கிறதால வந்த கதை. "இல்லீங்க ஐயா, செத்தவங்களுக்குக் கட்டுனது"ன்னேன். "அப்ப எங்க பாட்டன் பூட்டனா இருக்குமோ?"ன்னு கேட்டுட்டு அந்தக் கல்லையே கொஞ்ச நேரம் பாத்தார்.

மியூசியத்துல பாடம் செய்த பறவைக்குக் கீழ ஒரு சீட்டு இருக்கணும். எந்த இடம், எந்த வருஷம்னு தெரியலேன்னா அது வெறும் பஞ்சு அடைச்ச பொம்மை. கல்திட்டைக்கு அந்தச் சீட்டே அது நிக்கிற இடம்தான். எந்த மேடு, எந்தத் திசை பாத்திருக்கு, பக்கத்துல தண்ணி இருக்கா, எந்த வழி போகுது.. இதெல்லாம் சேர்ந்தாத்தான் அதைக் கட்டினவனைப் பத்தி ஏதாவது தெரியும். பானையைப் பெட்டியில வெச்சுக் காப்பாத்தலாம், மேட்டையும் வழியையும் பெட்டியில வைக்க முடியாது.

பலகைக்கல்லுக்கு வேலிக்கல்லாகவும் வாசப்படியாகவும் எப்பவும் கிராக்கி உண்டு. ஒரு தடவை பேர்த்தெடுத்தா அவ்வளவுதான், மறுபடி நிறுத்தினாலும் அது வெறும் கல். பேக்கப் இல்லாத சர்வர் மாதிரி.

அதனால மக்களே, அடுத்த தடவை கொடைக்கானல் போனா செண்பகனூர்ல ஒரு மணி நேரம் இறங்குங்க. முடிஞ்சா தாண்டிக்குடிக்கும் போங்க. கல்திட்டையைப் பாத்தா மேல ஏறி நின்னு போட்டோ எடுக்காதீங்க, பேரைக் கிறுக்காதீங்க. பக்கத்துல தோட்டம் வெச்சிருக்கிறவர் கிட்ட, "இது ரெண்டாயிரம் வருஷத்து வீடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. அவருக்குத் தெரிஞ்சாத்தான் அந்தக் கல் அங்கயே நிக்கும்.