கூரைமேல் ஒரு கண்

வானம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கும் வில்லையை 1924-இல் கேம்பிரிட்ஜ் உயிர்வேதியியலாளர் ராபின் ஹில் விவரித்தார். மேகங்களைப் பதிவுசெய்வதே அவர் நோக்கம். 1959 ஏப்ரல் 7 இரவு, செக்கோஸ்லோவாக்கியாவில் விழுந்த பிரிப்ராம் விண்கல்லை இரண்டு நிலையங்களின் கேமராக்கள் படமெடுத்தன. ஒரு கேமரா திசையை மட்டுமே காட்டும். இரண்டு சேர்ந்தால்தான் உயரமும் பாதையும் கணக்கில் வரும். அவ்வாறே அக்கல் சிறுகோள் பட்டையிலிருந்து வந்தது புலப்பட்டது.

இன்று ராஸ்பெர்ரி பை கணினி, மீன்கண் வில்லை, அக்ரிலிக் கவிகை, பனி படியாமல் காக்கும் சிறு வெப்பச்சுருள் ஆகியவற்றைக் கொண்டு ஆர்வலர்கள் வீட்டுக்கூரையிலேயே இக்கருவியை அமைக்கின்றனர். 2021 பிப்ரவரி 28 இரவு, இங்கிலாந்தின் வின்ச்கம் எரிகோளம் இத்தகைய கேமராக்களிலும் பதிவாயிற்று. வீட்டு வாசலில் சிதறிய கரிமச் சேர்ம விண்கல் மறுநாளே சேகரிக்கப்பட்டது. தாமதித்திருந்தால் ஈரமும் மழையும் அதன் வேதியியலை மாற்றியிருக்கும். தனிக் கூரையின் கண்ணுக்கு அண்டை ஊர்க் கூரையின் கண்ணே துணை.