பழைய பிக்கப் வண்டிகளில் பொறிக்குறை கண்டறிதல்

பழைய பிக்கப் வண்டிகளில் பொறிக்குறை கண்டறிதல் என்பது, சிறு சுமையுந்துகளின் பொறியில் தோன்றும் இழுவைக் குறைவு, நடுக்கம், திடீர் நிறுத்தம், மிகையான எரிபொருள் செலவு ஆகியவற்றின் காரணத்தை வரிசையான சோதனைகளால் தேடிக் காணும் முறையாகும். ஐக்கிய அமெரிக்காவில் 1996 மாதிரி ஆண்டு முதல் இலகுரக வண்டிகளில் ஓபிடி-2 என்னும் பொதுவான கண்டறிதல் முறை கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்தைய வண்டிகளில் கணினி தரும் செய்தி மிகக் குறைவு. எனவே அழுத்தமானி, வெற்றிடமானி போன்ற எளிய கருவிகளின் பங்கு பெரிதாகிறது. இக்கட்டுரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1988-1995 செவ்ரோலெட் சி/கே வகைப் பெட்ரோல் வண்டிகளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

அடிப்படை

ஒரு பெட்ரோல் பொறி சீராக இயங்க நான்கு தேவைகள் உள்ளன: காற்று, எரிபொருள், உரிய நேரத்தில் தீப்பொறி, உருளைகளில் போதிய அமுக்கம். பெரும்பாலான குறைகள் இந்நான்கில் ஒன்றைச் சார்ந்தவை. எது குறைகிறது என்று அறியுமுன் உதிரிப்பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது செலவை மிகுவிக்கும். உண்மையான குறையும் அப்படியே இருக்கும். எரியாத பெட்ரோல் புகைபோக்கிக்குள் சென்று எரிவதால், அங்குள்ள வினையூக்கி மாற்றி மிகையாகச் சூடேறி உருகிவிடவும் கூடும்.

கண்ணால் காணும் அறிகுறிகள்

- கரும்புகை: எரிபொருள் மிகுதி.
- நீலப்புகை: உருளைக்குள் மசகு எண்ணெய் கசிந்து எரிதல்.
- பொறி சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை: உருளைக்குள் குளிர்விப்பு நீர் கசிதல். குளிர்காலையில் சிறிது நேரம் தோன்றும் ஆவி இயல்பானது.

காற்று வடிகட்டி, வெடித்த ரப்பர் குழாய்கள், துருப்பிடித்த மின்கல முனைகள் ஆகியவையும் முதலிலேயே பார்க்கப்பட வேண்டியவை.

பிழைக்குறியீடுகள்

மேற்கூறிய வண்டிகளில் ஓட்டுநர் பக்க முகப்புப் பலகையின் அடியில் 12 துளைகள் கொண்ட இணைப்பி உண்டு. பொறியை இயக்காமல், 'ஏ', 'பி' முனைகளைக் கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், எச்சரிக்கை விளக்கு கண்சிமிட்டும். ஒருமுறை சிமிட்டி, சற்று நின்று, இருமுறை சிமிட்டினால் அது 12 ஆகும். இது மும்முறை தோன்றும். கண்டறிதல் அமைப்பு இயங்குகிறது என்பதே இதன் பொருள். பின்னர் சேமிக்கப்பட்ட பிழைகள் ஒவ்வொன்றும் மும்முறை வரும்.

குறியீடு ஒரு மின்சுற்றையோ நிலையையோ சுட்டுமேயன்றி, பழுதான பாகத்தைச் சுட்டாது. எடுத்துக்காட்டாக, 44 என்பது கலவையில் எரிபொருள் குறைவு என்பதைக் குறிக்கும். ஆனால் ஆக்சிசன் உணரி எரிபொருளை அளப்பதில்லை. புகையில் எஞ்சிய ஆக்சிசனையே அளக்கிறது. ஓர் உருளையில் எரிதல் தவறினால், அதன் ஆக்சிசன் செலவாகாமல் உணரியை அடையும். கணினி இதை எரிபொருள் குறைவு எனக் கருதி, மேலும் பெட்ரோல் செலுத்தும். இந்நிலையில் உணரியை மாற்றுவதால் பயனில்லை. தீப்பொறிச் செருகி, அதன் கம்பி ஆகியவற்றையே ஆராய வேண்டும். உணரிக்கு முன்னுள்ள புகைக்குழாய்க் கசிவும் இதே பிழையைத் தரலாம்.

குறியீடு இல்லாததால் குறை இல்லை என்றும் கொள்ள முடியாது. குளிர்விப்பு நீரின் வெப்ப உணரி சற்றே தவறாகக் காட்டினால் குறியீடு தோன்றாமலே எரிபொருள் மிகும்.

வெற்றிடமானிச் சோதனை

உள்ளிழுப்புக் குழாயில் வெற்றிடமானியை இணைத்து, பொறியைச் சுமையின்றி மெதுவாக ஓடவிட வேண்டும். கடல்மட்ட அளவில் நல்ல பொறி சுமார் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை நிலையாகக் காட்டும். ஒவ்வோர் 1,000 அடி உயரத்திற்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும்.

- நிலையான குறைந்த அளவு: தீப்பொறி நேரம் பிந்துதல் அல்லது காற்றுக் கசிவு.
- சீரான இடைவெளியில் முள் விழுதல்: ஒரு வால்வு சரியாக மூடாமை.
- பொறியை 2,500 சுழற்சியில் நிறுத்திவைக்கையில் அளவு படிப்படியாகக் குறைதல்: வினையூக்கி மாற்றி அல்லது புகைபோக்கியில் அடைப்பு.

எரிபொருளும் தீப்பொறியும்

இவ்வண்டிகளின் 5.7 லிட்டர் வி-8 பொறியில் காற்றுத்திறப்பின் மேல் இரண்டு எரிபொருள் தெளிப்பிகள் உள்ளன. காற்று வடிகட்டியைக் கழற்றினால் தெளிப்பைக் காணலாம். அது கூம்பு வடிவில் இருத்தல் வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுவது குறையைக் காட்டும். எரிபொருள் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 9 முதல் 13 பவுண்டு வரை இருக்க வேண்டும். குறைந்தால் வடிகட்டி, தொட்டிக்குள் உள்ள பம்பு, அழுத்தச் சீராக்கி ஆகியவற்றை ஆராயலாம்.

சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் இயங்கும் பொறியில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள மின்னணுத் தீமூட்டல் கூறு ஐயத்திற்குரியது. அடிப்படைத் தீப்பொறி நேரத்தை அளக்குமுன், கணினி அதை மாற்றாதபடி உரிய கம்பியிணைப்பைக் கழற்ற வேண்டும்; இல்லையேல் தவறான அளவே கிடைக்கும்.

அமுக்கச் சோதனை

செருகிகள் அனைத்தையும் கழற்றி, தீமூட்டலையும் தெளிப்பிகளையும் செயலிழக்கச் செய்து, ஒவ்வோர் உருளையிலும் அமுக்கம் அளக்கப்படும். மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவில் 70 விழுக்காட்டிற்குக் கீழே செல்லலாகாது. குறைந்த உருளையில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கையில் அமுக்கம் கூடினால் உந்துருளை வளையங்கள் தேய்ந்துள்ளன எனலாம். கூடாவிடில் வால்வுக் கசிவை ஐயுறலாம். அடுத்தடுத்த இரு உருளைகளில் மட்டும் குறைந்தால், அவற்றிடையே உருளைத்தலை அடைப்பான் பழுதுற்றிருக்கக்கூடும். அமுக்கம் இழந்த பொறியைப் புதிய செருகிகளோ உணரிகளோ சீராக்க மாட்டா.

பாதுகாப்பு

மூடிய கொட்டகையில் பொறியை ஓடவிடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உயிரைப் பறிக்க வல்லது. எரிபொருள் குழாயைக் கழற்றுமுன் அழுத்தத்தை நீக்கி, பொறி ஆறும்வரை பொறுக்க வேண்டும். சோதனையின்போது கைத்தடையை இட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தல் நன்று.

இவற்றையும் பார்க்கவும்

- உள் எரி பொறி
- தீப்பொறிச் செருகி
- வினையூக்கி மாற்றி
- கார்பன் மோனாக்சைடு