ஹார்வி விட்டுச்சென்ற மூன்று கட்டளைகள்



மறைந்த தலைமையாசிரியர் ஒருவரின் பெயரில் ஆண்டுதோறும் நினைவுச் சொற்பொழிவு நடத்த அவருடைய முன்னாள் மாணவர்கள் சிலர் முடிவு செய்தனர். அதற்கு விதிமுறைகள் வரைந்து தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நம் பக்கத்தில் இத்தகைய நிகழ்ச்சி எவ்வாறு நடக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, நான்கைந்து வாழ்த்துரைகள், பொன்னாடைகள். இவையெல்லாம் முடிந்து சொற்பொழிவாளர் எழும்போது பின்வரிசையில் தேநீர்க் குவளைகளின் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். அவரும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மறைந்தவரின் பெருமைகளை மீண்டும் ஒருமுறை எடுத்துரைத்து அமர்வார்.

இதைவிடச் செம்மையாக யாரேனும் செய்திருக்கிறார்களா என்று தேடினேன். சிங்கப்பூர் மருத்துவர்கள் தம் ஆசான் கார்டன் ஆர்தர் ரான்சம் பெயரால் ஓர் உரைத்தொடரை ஏற்படுத்தியிருக்கின்றனர். 1938இல் இங்கிலாந்திலிருந்து வந்து ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியில் பாடம் சொன்னவர் அவர். 1957இல் சிங்கப்பூர் மருத்துவக் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவரும் அவரே. அத்தகைய உரைகளின் மரபைப் பின்னோக்கித் தேடிப்போனபோது இலண்டனில் 1656ஆம் ஆண்டில் போய் நின்றேன். அங்கே வில்லியம் ஹார்வி என்னும் முதியவர் தம் நிலத்தை எழுதிவைத்துக்கொண்டிருந்தார்.

இரத்தம் உடலுக்குள் சுற்றி வருகிறது என்று மெய்ப்பித்தவர் என்ற அளவில் ஹார்வியை நம் மாணவர்களும் அறிவர். அவர் நாற்பது ஆண்டுக் காலம் ஆசிரியராகவும் இருந்தார் என்பது பாடநூல்களில் இடம்பெறுவதில்லை. 1578இல் ஃபோக்ஸ்டன் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றபின் இத்தாலியின் பாதுவா நகருக்குச் சென்றார். அங்கே உடற்கூற்றியல் ஆசான் பாப்ரிசியசு. சிரைகளுக்குள் சிறு கதவுகள் போன்ற அடைப்பிதழ்கள் இருப்பதைத் தம் மாணவர்களுக்கு அறுத்துக் காட்டியவர் அவர். ஆனால் அவை எதற்காக இருக்கின்றன என்பதில் ஆசான் தவறினார். இரத்தம் ஒரேயடியாகக் கீழே இறங்கிவிடாமல் தணிப்பதற்கு என்று எண்ணினார். ஹார்வியோ, அவை இதயத்தை நோக்கி மட்டுமே திறப்பதைக் கருதிப் பார்த்தார். தம்மை இரத்தச் சுற்றோட்டத்தை எண்ணவைத்தவை அந்த இதழ்களே என்று முதுமையில் அவர் கூறியதாக வேதியியல் அறிஞர் இராபர்ட் பாயில் எழுதியிருக்கிறார். ஆசான் பிழையாக விளக்கியிருந்தாலும், கண்ணால் காணும்படி காட்டியிருந்தார். அதுவே மாணவருக்குப் போதுமானதாயிற்று.

1582இல் லம்லி பிரபுவும் ரிச்சர்ட் கால்டுவெல் என்னும் மருத்துவரும் இலண்டன் மருத்துவர் கழகத்தில் ஒரு விரிவுரைத் தொடரை நிறுவியிருந்தனர். 1615இல் அதன் விரிவுரையாளராக ஹார்வி அமர்த்தப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் முதல் விரிவுரை. அதற்காக அவர் எழுதிவைத்த குறிப்பேடு அழியாமல் கிடைத்து, 1886இல் படியெடுத்து அச்சிடப்பட்டது. கையெழுத்து மிக மோசம் என்பர். (நம் பாடத்திட்டக் குறிப்பேடுகளைப் பார்ப்பவர்கள் இனி நம்மைக் குறைகூறாதிருக்கக் கடவர்.)

அக்குறிப்பேட்டின் தொடக்கத்தில், தாம் எவ்வாறு பாடம் நடத்த வேண்டும் என்று ஹார்வி தமக்குத்தாமே விதிகள் எழுதியிருக்கிறார். நான் பல நாள் எண்ணிப் பார்த்த பகுதி இது. முதலில் முழுமையையும் ஒரே பார்வையில் காட்டிவிட்டுப் பிறகு பகுதிகளுக்குச் செல்ல வேண்டும் என்கிறார். அறுப்பதைக் கேட்போர் கண்முன்னே அறுக்க வேண்டும். காட்ட முடியாததை மட்டுமே சொல்லால் நிரப்ப வேண்டும். வீட்டில் படித்துக்கொள்ளக்கூடியதை வகுப்பில் பேசலாகாது. பிற உடற்கூற்றியலாரைப் புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். எல்லாரும் தம்மால் இயன்றதை நன்றாகவே செய்தனர், பிழைபட்டோருக்கும் ஏதேனும் காரணம் இருந்திருக்கும். மறுத்து வாதிடுவதில் காலத்தைப் போக்கலாகாது, ஏனெனில் மூன்று நாள் மிகக் குறைவு. பிணம் அழுகத் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டிய பாடம் அது. ஆகவே மணற்கடிகையைப் பார்த்து ஒவ்வொரு பகுதிக்கும் நேரம் பிரித்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதிவைத்தார். கற்பித்தல் பற்றிய பயிற்சிப் பட்டறைகள் பலவற்றுக்குச் சென்றிருக்கிறேன். இந்த ஒரு பக்கத்திற்கு ஈடாக அவற்றில் கேட்டவை சிலவே.

குறிப்பேட்டின் மொழியும் வியப்புக்குரியது. அக்கால வழக்கப்படி இலத்தீனில் எழுதத் தொடங்குகிறார். ஆனால் வரிக்கு நடுவே ஆங்கிலம் நுழைகிறது. அன்றாடப் பொருளொன்றை உவமை சொல்ல வேண்டிய இடத்தில் தாய்மொழிக்குத் தாவி, மீண்டும் இலத்தீனுக்குத் திரும்புகிறார். நம் நாட்டில் 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது என் பாடக்குறிப்புகளும் இவ்வாறே இருந்தன. தலைப்பு ஆங்கிலத்தில், வரையறை ஆங்கிலத்தில். குழந்தைக்குப் புரியவேண்டிய அந்த ஒரு வரி மட்டும் ஓரத்தில் தமிழில். 2009இல் அத்திட்டம் கைவிடப்படுவதாக அறிவிக்கப்படும்வரை அந்த ஓரங்கள் நிறைந்துகொண்டே இருந்தன.

ஹார்வி கண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்குகிறது, உடல் அதனை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது என்பதே காலன் காலந்தொட்டு ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கற்பிக்கப்பட்ட பாடம். ஹார்வி கணக்குப் போட்டார். இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் அளவை எவ்வளவு குறைத்து மதிப்பிட்டாலும், அரைமணி நேரத்தில் வெளியேறுவது உடலிலுள்ள மொத்த இரத்தத்தையும் மிஞ்சிவிடுகிறது. இன்றைய எண்களால் சொன்னால், துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர், நிமிடத்திற்கு 70 துடிப்பு, ஆக 5 லிட்டர். ஒருவர் உடலில் இருப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். நிமிடத்திற்கு 5 லிட்டர் புதிதாக உண்டாக்க எந்த உணவாலும் இயலாது. போன இரத்தமே திரும்பி வந்தாக வேண்டும். ஐந்தாம் ஆண்டு மாணவர்களும் செய்யக்கூடிய பெருக்கல் இது. வகுப்பில் செய்து பாருங்கள்.

ஆனால் அவர் இதனை உடனே நூலாக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கழகத்தாரின் கண்முன்னே காட்டிக் காட்டி உறுதிசெய்தபின் எழுதுவதாக அந்நூலின் முகப்பில் கூறுகிறார். 1628இல் பிராங்க்பர்ட் நகரில், எழுபத்திரண்டே பக்கங்களில், ஏராளமான அச்சுப்பிழைகளோடு நூல் வெளிவந்தது. பாராட்டு வந்து குவியவில்லை. மாறாக, அவரிடம் வரும் நோயாளிகள் வெகுவாகக் குறைந்துபோயினர் என்று அவரை அறிந்த ஜான் ஆப்ரி குறித்திருக்கிறார். பாரீசின் பேராசிரியர் ரியோலான் எதிர்த்து எழுதியதற்கு 1649இல்தான் மறுமொழி வந்தது. தமனிகளையும் சிரைகளையும் இணைக்கும் நுண்குழாய்களை ஹார்வி கண்டதே இல்லை. அவற்றை மால்பிகி நுண்ணோக்கியில் கண்டது 1661இல். ஹார்வி இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து.

இடையில் உள்நாட்டுப் போர் மூண்டது. அரசரின் மருத்துவர் என்பதால் 1642இல் அவருடைய இருப்பிடம் சூறையாடப்பட்டது. பூச்சிகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்த குறிப்புகள் அழிந்தன. தம் இழப்புகளிலெல்லாம் பெரிது அதுவே என்று வருந்தினார். பிள்ளைப்பேறு இல்லாத அவர், முதுமையில் மருத்துவர் கழகத்திற்குத் தம் செலவில் நூலகம் கட்டிக் கொடுத்தார். 1654இல் கழகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோது, வயதைக் காரணம் காட்டி மறுத்தார். 1656இல் விரிவுரைப் பொறுப்பிலிருந்து விலகி, கெண்ட் மாவட்டத்தில் தமக்கிருந்த நிலத்தைக் கழகத்திற்கு எழுதிவைத்தார். மருத்துவர்களின் காவலராகக் கருதப்படும் தூய லூக்காவின் நாளாகிய அக்டோபர் 18ஐ ஒட்டி ஆண்டுதோறும் ஓர் உரை நிகழ வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த உரைக்கு அவர் இட்ட கட்டளைகள் மூன்று. கழகத்திற்கு உதவியோரை நினைவுகூர்ந்து, அவர்களைப் பின்பற்றி மற்றவர்களும் உதவ ஊக்கப்படுத்த வேண்டும். ஆய்வின் வழியே இயற்கையின் மறைபொருள்களைத் தேடிக் காணுமாறு உறுப்பினரைத் தூண்ட வேண்டும். தொழிலின் மதிப்பைக் காக்கும்பொருட்டுத் தமக்குள் அன்போடு வாழுமாறு அறிவுறுத்த வேண்டும். கூடவே ஒரு விருந்தும் வைக்கச் சொன்னார். தம்மைப் புகழுமாறு எங்கும் சொல்லவில்லை. மூன்றாம் கட்டளையைப் படித்தபோது சிரிப்பு வந்தது. கழகத்தில் என்னென்ன நடந்தது என்பதை அறியேன். ஆசிரியர் அறையில் நடப்பதை அறிவேன்.

அடுத்த ஆண்டு, 1657 ஜூன் 3இல் ஹார்வி மறைந்தார். 1666இல் இலண்டன் பெருந்தீயில் அவர் கட்டிய நூலகம் எரிந்தது. நூல்களில் பெரும்பகுதி அழிந்தது. உரை மட்டும் தொடர்ந்தது. அவர் விதித்தபடி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இலத்தீனிலேயே நிகழ்ந்தது. பிற்காலத்தில் எத்தனை பேர் அதனைப் பொருளுணர்ந்து கேட்டார்களோ! 1865இல் அது ஆங்கிலத்திற்கு மாறியது. நிறுவியவரின் சொல்லை மீறியதாகத் தோன்றலாம். அவருடைய குறிப்பேட்டின் ஓரங்களைப் பார்த்தவர்களுக்கு அவ்வாறு தோன்றாது என்பது என் எண்ணம். 1906இல் உரையாற்றியவர் வில்லியம் ஆஸ்லர். மாணவர்களை நோயாளியின் கட்டிலருகே அழைத்துச் சென்று பாடம் சொன்ன பேராசான் அவர். ஓர் உண்மை வளர்ந்து ஏற்கப்படுவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதையே, ஹார்வியின் கண்டுபிடிப்பைச் சான்றாகக் கொண்டு விளக்கினார்.

என் வரைவை ஏற்பாட்டுக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். மறைந்த ஆசிரியரைப் பற்றிய பேச்சு பத்து நிமிடத்துக்கு மேற்படலாகாது. சொற்பொழிவாளர் தாம் வகுப்பறையில் செய்துபார்த்த ஒன்றைக் கண்முன்னே செய்து காட்ட வேண்டும். தவறிப்போன முயற்சியானாலும் தள்ளுபடி இல்லை. உரை தமிழில். மேசையில் மணற்கடிகை ஒன்று இருக்க வேண்டும். பொன்னாடை கிடையாது, அந்தப் பணத்தில் பள்ளி நூலகத்திற்கு நூல்கள்.

குழுவினர் பொன்னாடை விதியை நீக்கச் சொல்கின்றனர். மணற்கடிகையைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றனர். விருந்துக்கு மட்டும் ஒருமனதாக ஒப்புதல் கிடைத்திருக்கிறது.