இரத்தினசபாபதிபுரத்து வீடுகள்

சென்னைமாநகரில் 1895-ஆம் ஆண்டு தொடங்கி 1953-ஆம் ஆண்டுவரை ஓடிய டிராம் வண்டி, மயிலாப்பூர் முதலிய இடங்களிற் குடியிருப்போர் நாடோறும் தொழிற்குச் சென்று மீள்வதற்குத் துணைபுரிந்தது. நம் கோயமுத்தூரில் டிராம் ஓடியதில்லை. ஆயினும் பழைய ஊருக்கு மேற்கே இரத்தினசபாபதிபுரம் என்னும் புறநகர் எழுந்தது. அதனைத் தோற்றுவித்தது வண்டியன்று, கொள்ளைநோயே என்பது நம் துணிபு.

1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் கோயமுத்தூர் மக்கள் 53,080 பேர். 1911-இல் 47,007 பேரே. இரயிலும் 1888-இல் நூலாலையும் பெற்ற ஊர் ஏன் குறுகிற்று? பிளேக்கு நோயால் மாண்டோரும், அதற்கஞ்சி ஊரைவிட்டு ஒதுங்கினோரும் பலர். பழைய தெருக்களில் வீட்டிற்கு வீடு சுவர் ஒட்டியிருந்தது. அயலாரின் அவ்வொற்றுமை எலிகட்கே மிகவும் உவப்பாயிற்றுப் போலும்!

ஆதலின் புதிய குடியிருப்பில் வீதிகள் நேராக வகுக்கப்பட்டன; மனைகளில் நாற்புறமும் வெளி விடப்பட்டது. நகரசபைத் தலைவராயிருந்த திவான் பகதூர் சி. எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயரை ஊரும், அவர் பட்டத்தைத் திவான் பகதூர் சாலையும் தாங்கின. அங்குச் செல்வோர்க்கு ஜட்கா வண்டியும், பின்னர் மோட்டார் பஸ்ஸும் உதவின.

வீட்டின் அமைப்பே தலைகீழாயிற்று. நம் முன்னோரின் தொட்டிக்கட்டு வீட்டில் வெளிச்சமும் காற்றும் நடுமுற்றத்தின் வழியே இறங்கும். புதுவீட்டிலோ சுற்றிலுமுள்ள சன்னல்களின் வழியே புகும். மங்களூர் ஓடு வேய்ந்த முன்தாழ்வாரம் அழகியதே. ஆனால் அது மதிற்சுவருக்கு உட்பட்டது. தெருவை ஒட்டிய திண்ணையில் வழிப்போக்கன் கேளாமலே அமர்ந்தான். இத்தாழ்வாரத்தில் அழைக்கப்பட்டவரே அமரலாயினர்.

வீட்டு வரிசைகளின் பின்னே குறுகிய சந்துகள் உள. மலக்கூடை சுமந்த தொழிலாளர் வருதற்கென விடப்பட்ட வழி அது. சுகாதாரத்தின்பொருட்டு வகுத்த அச்சந்து தீண்டாமைக்கும் வழியாயிற்று. முன்வாயிலில் தம் பெயர் பொறித்த குடும்பங்கள் பின்வாயிலில் நாடோறும் வந்தவரின் பெயரை அறிந்திருந்தனவா? நம் சங்கத்துக் குடும்பங்களையும் உட்படுத்தியே இதனை வினவுகின்றோம்.

அடுக்குமாடிகளின்பொருட்டு அவ்வீடுகள் ஒவ்வொன்றாய் இடிபடுகின்றன. விற்கக் கருதும் அன்பர்கள் இடிக்குமுன் வீட்டை அளந்து, படமெடுத்து, இவ்விதழுக்கு அனுப்புவாராக. முன்தாழ்வாரத்தோடு பின்வாயிற்கதவையும் மறவாது படமெடுத்தல் வேண்டும்; வந்து சென்றவர் பெயரை வீட்டு மூத்தோர் எவரேனும் அறிவாராயின் அதனையும் எழுதியனுப்புக.