சலாபமும் பாட்டும்

முத்துச் சலாபம் நடந்த காலத்தில் தூத்துக்குடிக் கடலின் பார்கள் சர்க்காருக்குச் சொந்தம். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாட்டின்படி, மூச்சடக்கி மூழ்கி எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவனுக்கு; மீதி சர்க்காருக்கு. சர்க்கார் பங்கு அன்றன்றே கரையில் ஏலம் போகும். உள்ளே என்ன இருக்கிறதென்று ஏலம் எடுத்தவனுக்கும் தெரியாது, குளித்தவனுக்கும் தெரியாது. பொறுமையிழந்து படகிலேயே ஒன்றைத் திறந்து, கிடைத்ததை வாயில் ஒதுக்கிக்கொண்டவன் திருடன். 1961-உடன் சலாபம் நின்றுவிட்டது.

கடலடியில் கோடு போட முடிந்தவர்களுக்குப் பாட்டைச் சுற்றிக் கோடு போடுவது சிரமமாக இருக்கவில்லை. நம் ஜில்லாவின் எட்டயபுரத்தில் பிறந்த பாரதிக்கு நடந்தது இது. முதலில் பறிமுதல்: 1928-இல் பர்மா அரசு அவர் பாடல்களைத் தடை செய்ய, சென்னை அரசும் பிரதிகளைக் கைப்பற்றியது. பிறகு வியாபாரம். நூலுரிமை அவர் தம்பி சி. விசுவநாதன் நடத்திய பாரதி பிரசுராலயத்திடம் சேர்ந்தது. பாட்டை இசைத்தட்டில் பதியும் உரிமை தனியாகப் பிரிந்து, 1934-இல் 450 ரூபாய்க்கு ஜேசிங்லால் மேத்தா என்ற வைர வியாபாரியிடம் போயிற்று. நாற்பதுகளில் அதை 9,500 ரூபாய் கொடுத்து ஏவி. மெய்யப்பன் வாங்கினார். ஏறக்குறைய 21 மடங்கு. வங்கியில் வட்டிக் கணக்குப் போடுகிறவனுக்கு இது மலைப்பாக இருக்கிறது. கவிதை மாறவில்லை, இடையில் வந்தது கிராமபோனும் பேசும் படமும். யந்திரம் வந்த பிறகுதான் பாட்டு சொத்தாகியது என்று தோன்றுகிறது.

மெய்யப்பனை வில்லனாக்குவது நம்மவர்களுக்கு வழக்கம். அது சுலபம். 1947-இல் அவருடைய 'நாம் இருவர்' படம் வழியாகத்தான் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி எழுத்தறியாத வீடுகளுக்கும் போனார். மறு ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தபோது அவர் வழக்குத் தொடுத்தார். பத்திரப்படி பார்த்தால் நியாயம் அவர் பக்கம், டி.கே. சண்முகம் அத்துமீறியவர். இந்த இடத்தில்தான் தமிழ்நாடு சட்டத்தைக் கேட்காமல் வேறொன்றைக் கேட்டது. வ.ரா. தலைமையில் பாரதி விடுதலைக் கழகம் அமைந்தது. (அதில் இருந்த அ. சீனிவாசராகவன் பின்னால் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி முதல்வராக வந்தார்.) நாரண துரைக்கண்ணன் திருநெல்வேலி வரை போய்ச் செல்லம்மாளைப் பார்த்தார். 1949-இல் ஓமந்தூரார் அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பன் காசு வாங்காமல் தன் பங்கைக் கொடுத்துவிட்டார். விசுவநாதனுக்கு 15,000, செல்லம்மாளுக்கும் இரண்டு பெண்களுக்கும் தலைக்கு 5,000. 1955-இல் எல்லாம் பொதுமக்களுக்கு என்று அறிவிப்பு. செல்லம்மாள் காலமானதும் அதே ஆண்டில்தான்.

கல்கத்தாவில் நடந்தது நேர் எதிர். தாகூர் 1941-இல் இறந்தார். 50 ஆண்டு கெடு 1991-இல் முடியவிருந்தபோது விசுவபாரதிக்காகச் சட்டத்தையே திருத்திக் கெடுவை 60 ஆக்கினார்கள். அந்தச் சலுகை நாட்டிலுள்ள எல்லா எழுத்தாளர்களின் வாரிசுகளுக்கும், பதிப்பாளர்களுக்கும் கிடைத்தது. வங்காளி கவியைச் சொத்தாக வைத்துக் காத்தான். நாம் கவியைத் திறந்துவிட்டோம். திறந்துவிட்டது சரி என்பதே என் கட்சி.

ஆனால் திறந்துவிட்ட அதே அரசு 2004-இல் என்ன செய்தது? 1982-ஆம் வருஷத்துக் குண்டர் சட்டத்தில், சாராயம் காய்ச்சுகிறவனுக்குப் பக்கத்தில், திருட்டு வீடியோ போடுகிறவனையும் உட்கார வைத்தது. விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். சண்முகமும் திருட்டு வி.சி.டி. விற்ற பையனும் ஒன்றல்ல. முழுப்படத்தை நகலெடுத்து விற்பது வேறு, ஒரு பாட்டைப் பாடுவது வேறு. இருந்தும் அந்தப் பையன் செய்தது காப்புரிமைச் சட்டப்படியே குற்றம். அதற்கு 1984 முதலே குறைந்தது ஆறு மாதச் சிறை இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமலே உள்ளே வைக்க வேண்டிய அவசரம், கோடிகள் புரளும் படத்துக்கு மட்டும்தான் வந்தது. கவிதைக்கு ஒருநாளும் வராது.

வரவும் வேண்டாம். நம் வட்டத்தில் யாருக்கும் கவிதையால் பணம் வந்ததில்லை, ஆகவே திருடு போகவும் பணம் இல்லை. செல்போனில் சுற்றும் கவிதைகளில் போவது பெயர். இரண்டு வரி வெட்டப்பட்டு, மூன்றாவது வரி யாரோ சேர்த்ததாக, அடியில் பாரதி பெயரோடோ எவர் பெயரும் இல்லாமலோ அது ஊர் சுற்றுகிறது. 1957 சட்டத்தின் 57-ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது: உரிமையை முழுவதும் விற்றுவிட்ட பிறகும், எழுதியது தான் என்று சொல்லவும், சிதைப்பதைத் தடுக்கவும் எழுதியவனுக்கு அதிகாரம் உண்டு. ஏலம் போகாத பங்கு இது ஒன்றுதான். தயாரிப்பாளர் சங்கங்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. நாட்டுடைமைக்காக மாலை போட்டவர்களும் இதைக் கவனிக்கவில்லை.

பாரதி விஷயத்தில் விலை கொடுத்தது பாடம். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானதும் மலிவுப் பதிப்புகள் குவிந்தன, ஒன்றின் பிழையை மற்றொன்று நகலெடுத்தது. சீனி. விசுவநாதன் பல ஆண்டுகள் பழைய பத்திரிகைகளைப் புரட்டிக் காலவரிசைப் பதிப்பைத் தொகுதி தொகுதியாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. போனில் வருவது பெரும்பாலும் அந்தப் பாடம் இல்லை.