ஜெடாய் சாராத ஃபோர்ஸ் பாத்திரம்

ஜெடாய் சாராத ஃபோர்ஸ் பாத்திரம் என்பது, ஸ்டார் வார்ஸ் விண்வெளிக் கற்பனை உலகைக் களமாகக் கொண்ட பாத்திரமேற்று விளையாட்டுகளில், ஃபோர்ஸ் எனும் மறைபொருள் ஆற்றலைப் பெற்றிருந்தும் ஜெடாய், சித் ஆகிய இரு மரபுகளிலும் சேராத கதைமாந்தரைக் குறிக்கும். பாத்திரமேற்று விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு கதைமாந்தரை உருவாக்கி, அவராகவே பேசி முடிவெடுப்பார். களத்தையும் பிற மாந்தரையும் ஆட்ட நடத்துநர் கவனித்துக்கொள்வார். ஒரு செயல் வெற்றி பெறுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

இவ்வகைப் பாத்திரத்தை உருவாக்குவதில் உள்ள முதன்மைச் சிக்கல் விலை பற்றியது. பொருளை நகர்த்தவும் பிறர் மனத்தை மாற்றவும் வல்ல ஒருவர் குழுவில் இருந்தால், விமானிக்கும் கடத்தல்காரருக்கும் வேலை இல்லாமல் போகக்கூடும். எனவே ஆற்றலுக்கு ஈடாக எதையேனும் இழக்கச் செய்வது விதிநூல்களின் வழக்கம். ஜெடாய்க்கு ஆசான், பயிற்சி, ஒளிவாள் ஆகியன உண்டு. இவை ஏதுமில்லாதவர் எதை இழக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு பதிப்பும் வெவ்வேறு விடை தந்துள்ளது.

டி6 முறை

வெஸ்ட் எண்ட் கேம்ஸ் நிறுவனம் 1987இல் வெளியிட்ட, கிரெக் காஸ்டிகியன் வடிவமைத்த விளையாட்டே இவ்வுலகின் முதல் பாத்திரமேற்று விளையாட்டு ஆகும். திரைப்பட முத்தொகுதியின் காலமே இதன் களம். ஜெடாய் அமைப்பு அழிக்கப்பட்டுவிட்ட காலம் என்பதால் ஆற்றல் பெற்ற எவரும் ஏறக்குறைய தனியர்தாம். விதிநூலில் இருந்த ஆயத்தப் பாத்திரங்களிலேயே பயிற்சியில் தோற்ற ஜெடாய், தன்னை ஜெடாய் வீரராகக் கற்பனை செய்துகொள்பவர், ஃபோர்ஸைப் பயிலும் வேற்றினத்தவர் ஆகியோர் இடம்பெற்றனர்.

இம்முறையில் 3டி+1 என்றால் மூன்று ஆறுபக்கப் பகடைகளை உருட்டிக் கூட்டுத்தொகையுடன் 1 சேர்க்க வேண்டும். மூன்று புள்ளிகள் ஒரு பகடைக்குச் சமம். புதிய மனிதப் பாத்திரத்துக்கு மொத்தம் 18டி உண்டு. அதை உடல்லாவகம், அறிவு, இயக்குதிறன், கூர்நோக்கு, வலிமை, தொழில்நுட்பம் என்ற ஆறு பண்புகளுக்கும் பிரித்தளிக்க வேண்டும். ஒவ்வொரு பண்பும் 2டி முதல் 4டி வரை இருக்கலாம். கட்டுப்படுத்தல், உணர்தல், மாற்றல் என்னும் மூன்று ஃபோர்ஸ் திறன்களையும் இதே 18டியிலிருந்தே வாங்க வேண்டும். ஆற்றல் வேண்டுமெனில் உடலிலோ அறிவிலோ ஒரு பகுதியைக் கொடுத்தாக வேண்டும் என்பதே இதன் பொருள்.

எடுத்துக்காட்டாக, சுரங்க நிலவொன்றின் குடியிருப்பில் வாழும் மருத்துவச்சி ஒருவரை உருவாக்குவதாகக் கொள்வோம். பிறர் காயத்தை விரைந்து ஆற்றும் ஆற்றலுக்குக் கட்டுப்படுத்தல், மாற்றல் ஆகிய இரண்டும் தேவை. கட்டுப்படுத்தல் மட்டும் இருந்தால் தன் வலியை அடக்கலாம், தன் காயத்தை ஆற்றலாம். இரண்டுக்கும் தலா 1டி கொடுத்தால் மீதம் 16டி. அதை உடல்லாவகம் 2டி+1, அறிவு 3டி, இயக்குதிறன் 2டி, கூர்நோக்கு 3டி+1, வலிமை 2டி, தொழில்நுட்பம் 3டி+1 எனப் பிரிக்கலாம். ஆற்றலற்ற ஒருவரை விட இவர் பண்புகளில் இரண்டு பகடை குறைந்தவர். ஆனால் 1டியைக் கொண்டு, 6 முதல் 10 வரை இலக்கு கொண்ட 'எளிது' நிலையை எட்டுவதே அரிது. பெரும்பாலான நாட்களில் அவர் நம்ப வேண்டியது தொழில்நுட்பத்தின் கீழ் வரும் முதலுதவித் திறனைத்தான். ஒரு சுற்றுக்கு மட்டும் எல்லாப் பகடைகளையும் இரட்டிப்பாக்கும் ஃபோர்ஸ் புள்ளியை, உயிர் போகும் தருணத்திற்கென அவர் சேமித்து வைப்பார். இப்பாத்திரத்தின் சுவை இதில்தான் உள்ளது.

இரண்டாம் பதிப்பு (1992) ஆசான் இல்லாமைக்கு நேரடியாகவே விலை வைத்தது. ஃபோர்ஸ் திறனை உயர்த்துவதற்கான பாத்திரப் புள்ளிகள் ஆசான் இல்லாதவருக்கு இரு மடங்கு ஆகும்.

இருண்ட பக்கம்

தீய செயலுக்கு ஆற்றலைப் பயன்படுத்தும் டி6 பாத்திரம் ஓர் இருண்ட பக்கப் புள்ளியைப் பெறும். ஒவ்வொரு முறை பெறும்போதும் ஒரு பகடை உருட்டப்படும். விழும் எண், சேர்ந்துள்ள புள்ளிகளை விடக் குறைவாக இருந்தால் அப்பாத்திரம் வீழ்ச்சியடையும். முதற்புள்ளியால் ஆபத்தில்லை. இரண்டாவதில் ஆறில் ஒரு வாய்ப்பு, மூன்றாவதில் ஆறில் இரண்டு, ஏழாவதில் தப்பவே வழியில்லை. வீழ்ந்த பாத்திரம் ஆட்டக்காரரின் கையை விட்டு நடத்துநரிடம் சென்றுவிடும். மாதக்கணக்கில் வளர்த்த கதைமாந்தரை ஒரு பகடையில் இழக்கும் அச்சம் இந்த விதியளவு வேறெதிலும் இல்லை. தனித்து வாழும் பாத்திரத்தைத் தடுத்துப் பேச ஆசானும் இல்லை என்பதால், அந்தப் பொறுப்பு உடன் பயணிக்கும் சாதாரண மாந்தர் மீது விழுகிறது.

டி20 முறையும் சாகா பதிப்பும்

விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தின் 2000ஆம் ஆண்டு விதிநூல் ஜெடாய்க்கு இரு வகுப்புகளையும், பிற மரபினருக்கு 'ஃபோர்ஸ் அடெப்ட்' என்ற தனி வகுப்பையும் வைத்தது. சாராதவருக்கென ஒரு பெயர் கிடைத்தது நன்மை. எனினும் பழங்குடிப் பூசாரியும் நகரத் திருடரும் ஒரே வகுப்புக்குள் அடங்க நேர்ந்தது.

2007இல் வந்த சாகா பதிப்பு இதைத் தளர்த்தியது. ஃபோர்ஸ் உணர்வு ஒரு சிறப்புத்தகுதி ஆனது. இயந்திர மனிதர் தவிர எந்த வகுப்பினரும் அதைப் பெறலாம். இப்பதிப்பின் பரவலாக அறியப்பட்ட குறை, ஆற்றல்கள் திறன் சோதனையாக அமைந்ததாகும். முதல் நிலையிலேயே பயிற்சிக்கு 5, திறன் குவிப்புக்கு 5, கவர்ச்சிப் பண்பு 16க்கு 3 என 13ஐ இருபதுபக்கப் பகடையுடன் கூட்டலாம். எதிரியின் காப்பு எண் ஏறக்குறைய 12 அளவில்தான் இருக்கும். அதே நிலைப் போர்வீரர் தாக்கும்போது கூட்டுவதோ 4 அல்லது 5. ஜெடாய் வகுப்பு ஃபோர்ஸ் உணர்வை இலவசமாகத் தருவதால் மனித ஜெடாய் இதை முதல் நிலையிலேயே அடைவார். மனிதச் சாரணர் ஒருவர் தம் இரு தகுதிகளையும் ஃபோர்ஸ் உணர்வுக்கும் ஃபோர்ஸ் பயிற்சிக்கும் செலவிட்டபின், திறன் குவிப்புக்கு மேலும் காத்திருக்க வேண்டும். சாராதவரே சமநிலைக்கு அருகில் நிற்பது இங்குள்ள வேடிக்கை.

ஃபேன்டசி ஃபிளைட் வெளியீடுகள்

இந்நிறுவனத்தின் 'எட்ஜ் ஆஃப் த எம்பயர்' (2013) நூலில், கடத்தல்காரர், மருத்துவர் போன்ற எந்தத் தொழிலினரும் 'ஃபோர்ஸ் உணர்வுடைய நாடுகடந்தோர்' என்ற சிறப்புத்துறையைக் கூடுதலாக வாங்கலாம். இரண்டாம் சிறப்புத்துறையாக வாங்கினால் 20 அனுபவப் புள்ளிகள். மனிதருக்குத் தொடக்கத்தில் 110 புள்ளிகள் உண்டு. 'ஃபோர்ஸ் அண்ட் டெஸ்டினி' (2015) முழுக்க ஆற்றலாளருக்கான நூல். அதன் ஆறு தொழில்களில் 'மிஸ்டிக்' ஒன்று.

இதன் ஃபோர்ஸ் பகடைக்குப் பன்னிரண்டு முகங்கள். ஏழு முகங்களில் கரும்புள்ளியும் ஐந்தில் வெண்புள்ளியும் உள்ளன. மொத்தப் புள்ளிகள் இரு நிறத்திலும் எட்டுதான். ஏனெனில் வெண்முகங்கள் மூன்றில் இரட்டைப் புள்ளி, கருமுகங்களில் ஒன்றில் மட்டுமே இரட்டை. ஆக இருண்ட பக்கம் அடிக்கடி வரும், ஒளிப்பக்கம் வரும்போது வலுவாக வரும். ஒரே பகடை உடைய தொடக்கப் பாத்திரத்துக்குப் பன்னிரண்டில் ஏழு முறை கரும்புள்ளியே விழும். அதைப் பயன்படுத்த விதிப்புள்ளி ஒன்றைப் புரட்டி, மன அயர்ச்சியையும் ஏற்க வேண்டும். வேண்டாமெனில் ஆற்றல் அந்த முறை செயற்படாது.

பாத்திரப் பின்னணி

பதிப்பு எதுவாயினும், எண்களுக்கு முன் தீர்மானிக்க வேண்டியது அப்பாத்திரம் தன் ஆற்றலை என்ன பெயரிட்டு அழைக்கிறது என்பதாகும். தத்தோமிர் கிரகத்தின் சூனியக்காரிகளுக்கு அது மந்திரம். 'ரோக் ஒன்' (2016) திரைப்படத்தின் சிரட் இம்வேக்கு அது வழிபாடு. சூதாடி ஒருவருக்கு அது வெறும் அதிர்ஷ்டமாகவே தோன்றலாம். பேரரசு தேடி வரும்போது மூவரும் மூன்று விதமாக ஓடுவர். ஒளிவாளைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால் இவ்வேறுபாடுகள் மறைந்து எல்லோரும் ஜெடாய் போலவே ஆகிவிடுவதால், அதைத் தவிர்த்துக் கைத்தடி, மருந்துப் பை, சீட்டுக்கட்டு போன்றவற்றை அளிப்பது நல்லது.